மணியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் பெற்றோர் பார்க்க வேண்டிய ஊர்கள் என்று சென்ற ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில் பிலடெல்பியாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பத்தி. சுதந்திர மணியின் படம், அதன் முன் நின்று செல்ஃபி எடுக்கலாம் என்ற யோசனை, அரை நாள் போதும் என்ற தீர்ப்பு. நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் போகும் வழியில் காரை நிறுத்தி, இறங்கி ஏறும் ஊராகத்தான் நம்மவர்களில் பலரும் பிலடெல்பியாவை நினைக்கிறார்கள். கட்டுரையும் அதற்கே ஒத்து ஊதிவிட்டது.

ஒரு நாடு எப்படி உருவானது என்று தெரிந்துகொள்ள அந்த ஊரில் மணியைவிடப் பெறுமானமுள்ள இடங்கள் இரண்டு உண்டு. மூன்றாம் தெருவும் செஸ்ட்நட் தெருவும் சந்திக்கும் முனையில் இருக்கும் அமெரிக்கப் புரட்சி அருங்காட்சியகம் ஒன்று. ஐந்தாம், ஆறாம் தெருக்களுக்கு நடுவே செஸ்ட்நட் தெருவிலேயே இருக்கும் சுதந்திர மண்டபம் மற்றொன்று. இரண்டையும் பார்க்க முழு நாள் வேண்டும். அருங்காட்சியகம் முதலில், மண்டபம் பிறகு என்ற வரிசையும் முக்கியம். அதற்கான காரணத்துக்கு வருமுன், கட்டுரையில் இருந்த தகவல் பிழைகளைச் சொல்லிவிடுகிறேன்.

1776 ஜூலை 4 அன்று இந்த மணியை அடித்துத்தான் சுதந்திரத்தை அறிவித்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குச் சான்று எதுவும் கிடையாது. 1840களில் வெளியான ஒரு கற்பனைக் கதை கிளப்பிவிட்ட செய்தி அது. பிரகடனம் மக்கள் முன் முதன்முதலாக வாசிக்கப்பட்டதே ஜூலை 8-ஆம் தேதிதான், மண்டபத்தின் பின்புறத் திடலில். ‘சுதந்திர மணி’ என்ற பெயரும் புரட்சிக் காலத்தில் வந்ததல்ல. 1830களில் அடிமை முறையை எதிர்த்தவர்கள் வைத்த பெயர். தேசமெங்கும் விடுதலையைக் கூறுங்கள் என்ற பைபிளின் லேவியராகம வசனம் மணியின் மேல் பொறிக்கப்பட்டிருந்ததால், தங்கள் இயக்கத்தின் சின்னமாக அதை எடுத்துக்கொண்டார்கள்.

மணியைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்க்கும்போது எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பாருங்கள். லண்டன் ஒயிட்சாப்பல் பட்டறையில் வார்த்து 1752-இல் வந்து இறங்கிய மணி, முதல் சோதனையிலேயே விரிசல் கண்டது. உள்ளூரில் பாஸ், ஸ்டோ என்ற இருவர் அதை உருக்கித் தாமிரத்தைக் கூடுதலாகச் சேர்த்து மறுபடி வார்த்தார்கள். உடையவில்லை, ஆனால் ஓசை எடுபடவில்லை. 1753-இல் இன்னொரு முறை உருக்கி வார்த்ததுதான் இப்போது இருப்பது. எடை 2,080 பவுண்டு, அதாவது சுமார் 943 கிலோ. ஏறக்குறைய 70 பங்கு தாமிரம், 25 பங்கு வெள்ளீயம்.

படங்களில் பளிச்சென்று தெரியும் அந்த அகலமான பிளவு உண்மையில் விரிசல் அல்ல, ரிப்பேர் செய்த தடம். மெல்லிய விரிசல் விழுந்த மணியை அடித்தால் அதன் இரு விளிம்பும் ஒன்றோடொன்று உரசி அதிரும். அதைத் தடுக்க, 1846-இல் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்தநாளுக்கு மணி அடிப்பதற்காக, விரிசலை வேண்டுமென்றே துளையிட்டு அகலப்படுத்தினார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் பிளவின் ஓரங்களில் துளைக் கருவி பதிந்த வரிவரியான தடங்கள் தெரியும். அன்றைக்கு மணி ஒலித்தது, அதோடு சரி. பிளவின் மேல்முனையிலிருந்து புதிதாக ஒரு மயிரிழை விரிசல் கிளம்பி மேலே ஏறி, ‘லிபர்ட்டி’ என்று பொறித்த சொல்லையே அறுத்துக்கொண்டு போயிற்று. மணியை ஊமையாக்கியது இந்த இரண்டாவது விரிசல்தான். கூட்டத்தில் பெரும்பாலானோர் இதைக் கவனிப்பதே இல்லை. பக்கவாட்டில் நின்று, மேல்நோக்கிப் பார்க்க வேண்டும்.

சுதந்திரப் பிரகடனத்தின் மூலப்படி பிலடெல்பியாவில் இருப்பதாகச் சொல்லியிருந்ததும் தவறு. அது வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் மூலப்படியும் அங்கேதான். பிலடெல்பியாவில் நடந்தவை இவை: பிரிட்டனிலிருந்து பிரிந்து போவது என்ற தீர்மானம் குடியேற்றங்களின் பேரவையில் 1776 ஜூலை 2-இல் நிறைவேறியது. பிரகடனத்தின் வாசகம் ஜூலை 4-இல் ஏற்கப்பட்டது. அன்றிரவே டன்லப் என்பவரின் அச்சகத்தில் சுமார் 200 பிரதிகள் ஒற்றைத் தாளாக அடிக்கப்பட்டன. அவற்றில் இன்று இருப்பதாகத் தெரிந்தவை 26. தோல் தாளில் அழகாக எழுதிய படியில் பேரவை உறுப்பினர்களில் பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2-இல். கையெழுத்திட்டவர்கள் மொத்தம் 56 பேர். இரண்டு டாலர் நோட்டின் பின்பக்கம் இருக்கும் புகழ்பெற்ற படம்கூடக் கையெழுத்திடும் காட்சி அல்ல. வரைவுக் குழுவின் ஐவரும் ஜூன் 28-இல் வரைவைக் கொண்டுபோய்க் கொடுக்கும் காட்சி.

தேயிலைப் பெட்டிகளைக் கடலில் எறிந்த சம்பவத்தைச் சொல்லும்போது ‘இந்தியத் தேயிலை’ என்று ஒரு வரி வந்திருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு என்பதால் வந்த குழப்பம். 1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் மூழ்கிய 342 பெட்டியிலும் இருந்தது சீனத் தேயிலை. இந்தியாவில் தோட்டம் போட்டுத் தேயிலை வளர்க்கத் தொடங்கியதே 1830களில், அசாமில்.

இனி அருங்காட்சியகம். புரட்சிப் போரின் முதல் சண்டை நடந்த நாளான ஏப்ரல் 19-ஐத் தேர்ந்தெடுத்து 2017-இல் திறந்தார்கள். காலை 10 முதல் மாலை 5 வரை. நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு இருபது டாலருக்குச் சற்று மேல், மூத்தவர்களுக்குச் சலுகை உண்டு. பலர் கவனிக்காத விஷயம், ஒரு டிக்கெட் அடுத்தடுத்த இரண்டு நாளுக்குச் செல்லும். கால் வலி உள்ளவர்களை ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் நடத்திக் கொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் தங்கியிருந்தால் பாதியை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

முக்கியக் கூடங்கள் மேல்தளத்தில் இருக்கின்றன, லிஃப்ட் உண்டு. 1760களின் வரித் தகராறில் தொடங்கிப் போர் முடிந்து குடியரசு அமைவது வரை ஆண்டு வரிசையில் போகும். வழக்கமாக நடக்கும் தவறு இங்கேதான். முதல் இரண்டு கூடங்களில் முத்திரைத் தாள் வரியைப் பற்றிய ஒவ்வொரு பலகையையும் நின்று படிப்பார்கள். போர்க்களப் பகுதிக்கு வரும்போது கால் ஓய்ந்துவிடும், நேரமும் போயிருக்கும். கடைசிக் கூடங்களை ஓட்டமாக ஓடிக் கடப்பார்கள். எடுத்த எடுப்பில் வேகமாகப் போய்ப் பின்பாதிக்கு நேரம் ஒதுக்குங்கள். கனமான சங்கதிகள் எல்லாம் பின்னால்தான் இருக்கின்றன.

ஆங்கிலம் படிக்கத் தடுமாறும் பெரியவர்களை அழைத்துப்போகிறவர்களுக்கு ஒரு யோசனை. பலகைகளை மொழிபெயர்த்துச் சொல்ல முனைய வேண்டாம், யாராலும் முடியாது. ஆளுயர உருவங்களை வைத்து அமைத்த காட்சிகள் அங்கங்கே இருக்கின்றன. அந்த இடங்களுக்குப் போகுமுன் இரண்டு நிமிடம் கதையைச் சொல்லிவிட்டால் போதும், மீதியைக் காட்சியே பேசிவிடும்.

நியூயார்க்கில் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் சிலையைக் கயிறு கட்டி இழுக்கும் காட்சி அவற்றில் ஒன்று. 1776 ஜூலை 9 அன்று, பிரகடனத்தைப் படித்துக் கேட்ட கையோடு செய்த வேலை. சிலையின் ஈயத்தைக் கனெக்டிகட்டுக்குக் கொண்டுபோய் உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்த்தார்கள். கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்: 42,088 குண்டுகள். மன்னரை உருக்கி மன்னரின் படைமீதே சுட்டார்கள் என்று சொன்னால் எந்தப் பாட்டிக்கும் புரியும்.

ஒனைடா பழங்குடியினர் கூடிப் பேசும் காட்சி இன்னொன்று. குடியேறிகளோடு சேர்வதா, மன்னரோடு நிற்பதா, ஒதுங்கி இருப்பதா என்று ஆளுக்கு ஒரு பக்கம் வாதிடுகிறார்கள். அவர்களையும் சேர்த்து ஆறு இனங்கள் இருந்த கூட்டமைப்பே இந்தக் கேள்வியில் உடைந்தது. ஒனைடாக்கள் அமெரிக்கர் பக்கம் நின்று போரிட்டார்கள். அப்படி நின்றும், போருக்குப் பின் தங்கள் நிலத்தில் பெரும்பகுதியை இழந்தார்கள். நாட்டின் பிறப்பைக் கொண்டாட எழுப்பிய கட்டடத்தில், அந்தப் பிறப்பால் தோற்றவர்களுக்கு இவ்வளவு இடம் கொடுத்திருப்பதைப் பாராட்டத்தான் வேண்டும்.

சற்றுத் தள்ளி, ஏறி நின்று பார்க்கக்கூடிய கப்பல் முகப்பு ஒன்று இருக்கிறது. குழந்தைகள் அதை விட்டு இறங்கமாட்டார்கள். கடற்படை என்று பெரிதாக ஒன்றும் இல்லாத நாடு, எதிரிக் கப்பலைப் பிடித்தால் சரக்கில் பங்கு என்று சொல்லித் தனியார் கப்பல்களுக்கு உரிமம் கொடுத்த கதையை அங்கே சொல்கிறார்கள். நமக்கு அங்கே ஒரு கூடுதல் சுவை உண்டு. 1782 ஏப்ரல் 8 அன்று டெலவேர் விரிகுடாவில் ‘ஜெனரல் மங்க்’ என்ற பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்த பென்சில்வேனியாக் கப்பலின் பெயர் ‘ஹைதர் அலி’. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கம்பெனிப் படை மைசூர்ப் படையிடம் படுதோல்வி அடைந்திருந்தது. ஆங்கிலேயரை அடித்தவன் நமக்கு நண்பன் என்ற கணக்கில், பார்த்திராத மன்னரின் பெயரைக் கப்பலுக்குச் சூட்டினார்கள்.

பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் கதையும் அப்படித்தான். 1781 அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் அவருடைய படை சரணடைந்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லி, வாளை ஒப்படைக்க அவர் வேறொருவரை அனுப்பினார். ஐந்தே ஆண்டில் அதே மனிதர் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்து, 1792-இல் திப்பு சுல்தானின் இரு பிள்ளைகளைப் பிணையாக வாங்கினார். அவருடைய சிலை சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பீடத்தில் அந்தப் பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்கா கிளம்புமுன் அதைப் பார்த்துவிட்டுப் போனால் யார்க்டவுன் கூடத்தில் அந்நியமாக இருக்காது.

இந்த அருங்காட்சியகத்தின் உயிர்நாடி ஒரு கூடாரம். போர்க்களத்தில் வாஷிங்டன் படுத்து உறங்கியதும் அலுவல் பார்த்ததுமான லினன் கூடாரம், 1778-இல் தைத்தது. தனி அரங்கில் சுமார் 12 நிமிடம் படம் ஓடும். முடிவில் திரை மேலே போக, கண்ணாடிக்குப் பின்னால் மங்கலான வெளிச்சத்தில் கூடாரமே நிற்கும். வெளிச்சம் அதிகம் பட்டால் பழைய நூல் இற்றுப்போகும் என்பதால் அந்த மங்கல். கயிறும் கம்பமும் அதைத் தாங்குவதுபோல் தோன்றும். உண்மையில் உள்ளே மறைவாக ஒரு சட்டகம் குடைபோல விரிந்து எடையை ஏற்றுக்கொள்கிறது. கயிற்றில் இழுத்துக் கட்டினால் இத்தனை வயதான துணி கிழிந்துவிடும்.

அது பிழைத்து வந்த வழியும் சாதாரணமில்லை. வாஷிங்டனின் மனைவி வழிப் பேரனிடமிருந்து அவர் மகளுக்குப் போயிற்று. அந்த மகள் மணந்தது உள்நாட்டுப் போரில் தென்னவர் படைத்தலைவரான ராபர்ட் லீயை. போர் வந்ததும் வீட்டை விட்டுப் போன அந்தக் குடும்பம் சாவியை ஒப்படைத்தது செலினா கிரே என்ற அடிமைப் பெண்ணிடம். வாஷிங்டன் குடும்பப் பொருள்கள் களவு போகாமல் காப்பாற்ற அவர்தான் வடக்கத்திய அதிகாரியிடம் போய் முறையிட்டார். 1909-இல் ஒரு பாதிரியார் 5,000 டாலர் விலைக்குக் கூடாரத்தை வாங்கினார்.

அரங்கத்துக்குள் போட்டோ எடுக்க அனுமதி இல்லை, படம் தொடங்கியபின் உள்ளே விடமாட்டார்கள். மாலை நாலரைக்குப் போய் நின்று ஏமாறுகிறவர்கள் அதிகம். டிக்கெட் வாங்கும்போதே கடைசிக் காட்சி எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்தை ஏன் இரண்டாவதாகப் பார்க்க வேண்டும் என்றால், அங்கே படிக்க ஒன்றும் இருக்காது. மண்டபத்தைப் பராமரிக்கும் தேசியப் பூங்காச் சேவையின் ரேஞ்சர் (அலுவலர்) ஒருவர் குழுவாக அழைத்துப்போய், பச்சைத் துணி விரித்த மேசைகள் நிறைந்த ஓர் அறையின் ஓரத்தில் நிறுத்திப் பேசுவார். அரை மணிக்குள் முடிந்துவிடும். முன்கதை தெரியாதவருக்கு அது வெறும் மேசை நாற்காலி. தெரிந்தவருக்கு, 1776-இல் பிரகடனமும் 1787-இல் அரசியல் சட்டமும் உருவான அறை. மேசை நாற்காலிகளில் பெரும்பாலானவை அந்தக் காலத்தவைதான், ஆனால் அந்த அறையினுடையவை அல்ல. பழையவற்றை 1777-78-இல் ஊரைப் பிடித்து வைத்திருந்த பிரிட்டிஷ் படை விறகாக எரித்துவிட்டது. முன்னால் இருக்கும் உயரமான நாற்காலி மட்டும் அசல். 1779-இல் செய்தது, முதுகில் பாதிச் சூரியன் செதுக்கியிருக்கும், 1787-இல் வாஷிங்டன் உட்கார்ந்தது. அந்தக் கோடை முழுக்க, பேச்சு வெளியே கசியக்கூடாது என்று சன்னல்களைச் சாத்திக்கொண்டு விவாதித்தார்கள். வந்து போன 55 பேரில் இறுதியில் கையெழுத்திட்டவர்கள் 39. அடிமைகளை ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் எண்ணி மாநிலங்களுக்கு நாடாளுமன்றத்தில் இடம் ஒதுக்கிய பேரமும் இதே அறையில்தான் முடிந்தது. ரேஞ்சர் சொல்லாவிட்டால் கேளுங்கள், விளக்குவார்கள்.

நுழைவு இலவசம், ஆனால் மார்ச் முதல் டிசம்பர் வரை நேரம் குறித்த சீட்டு வேண்டும். இணையத்தில் முன்பதிவு செய்ய ஆளுக்கு ஒரு டாலர். கோடையில் நல்ல நேரங்கள் எல்லாம் வெகு முன்பே தீர்ந்துவிடும், பிரகடனத்தின் 250-ஆம் ஆண்டு 2026 என்பதால் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். பகல் இரண்டு மணிச் சீட்டு வாங்கினால் காலை முழுக்க அருங்காட்சியகத்துக்குக் கிடைக்கும். இரண்டுக்கும் இடையே நடை தூரம்தான். சீட்டில் போட்ட நேரத்துக்கு அரை மணி முன்பே ஐந்தாம் தெருவும் செஸ்ட்நட்டும் சேரும் இடத்தில் சோதனை வரிசையில் நிற்க வேண்டும். மணிக்கான வரிசை வேறு, அது ஆறாம் தெருவில். ஒன்றில் சோதனை முடிந்தது என்று சொல்லி மற்றதில் நுழைய முடியாது. தவறான வரிசையில் நின்று நேரத்தைத் தவறவிடுகிறவர்கள் ஏராளம்.

பெரிய பைகளை விடமாட்டார்கள். கத்தி எந்த அளவில் இருந்தாலும் அனுமதி இல்லை. வெற்றிலைப் பையில் பாக்குவெட்டி வைத்திருக்கும் தாத்தா பாட்டிகளிடம் வீட்டிலேயே சொல்லி எடுத்து வைத்துவிடுங்கள். கழிப்பறைக்குச் சோதனைக்கு முன்பே, ஆறாம் தெருவும் மார்க்கெட் தெருவும் சேரும் முனையில் இருக்கும் விசிட்டர் சென்டரில் போய்வருவது நல்லது. மணிக்கு டிக்கெட் கிடையாது. வரிசை மிக நீளமாக இருந்தால் வெளியே நின்றே கண்ணாடி வழியாகப் பார்த்துவிடலாம்.

மணிக்கூடத்தை ஒட்டியே, கூரையில்லாமல் செங்கல் சுவர்களாக நிற்கும் இடம் ஒன்று உண்டு. பலரும் ஏதோ கட்டுமான வேலை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1790 முதல் 1800 வரை பிலடெல்பியாதான் தலைநகரம், அதிபரின் வீடு அங்கேதான் இருந்தது. வாஷிங்டன் அந்த வீட்டில் ஒன்பது அடிமைகளை வைத்திருந்தார். பென்சில்வேனியாவின் 1780-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளி மாநிலத்தார் கொண்டுவந்த அடிமை ஆறு மாதம் தொடர்ந்து தங்கினால் விடுதலை கேட்கலாம். அதற்கு இடம் கொடுக்காமல், ஆறு மாதம் ஆகுமுன் அவர்களை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பி அனுப்பி மீண்டும் அழைத்துக்கொண்டார். ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் 1796 மே மாதம், வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வெளியேறி நியூ ஹாம்ப்ஷயருக்குப் போய்விட்டார். விளம்பரம் கொடுத்தும் ஆளனுப்பியும் அவரைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. அங்கிருந்த விளக்கப் பலகைகள் 2026 ஜனவரியில் அகற்றப்பட்டு விவகாரம் நீதிமன்றம் வரை போனது. பலகை இருக்கிறதோ இல்லையோ, ஒன்பது பெயர்களும் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதற்கு டிக்கெட்டும் வேண்டாம், வரிசையும் இல்லை.

இன்னும் தெம்பு இருந்தால், வடக்கே ஆர்ச் தெருவில் தேசிய அரசியல் சட்ட மையத்தில் 42 ஆளுயர வெண்கலச் சிலைகள் நிற்கும் கூடத்துக்குப் போகலாம். கையெழுத்திட்ட 39 பேரோடு, மறுத்த மூவரும் இருக்கிறார்கள். பக்கத்தில் நின்று படம் எடுக்கத் தடையில்லை, செல்ஃபிக்கு அதுதான் இடம்.

நியூஜெர்சியில் எங்கள் எடிசன் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் காரில் வந்தால் விசிட்டர் சென்டருக்குக் கீழேயே பார்க்கிங் இருக்கிறது. ரயிலென்றால் ட்ரென்டனில் மாறி ஜெஃபர்சன் நிலையத்தில் இறங்கினால் பத்து நிமிட நடை. பழைய நகரில் சில சந்துகள் உருளைக்கல் பாவியவை. சக்கர நாற்காலியைத் தள்ளுவது சிரமம், செஸ்ட்நட் தெரு நடைபாதையிலேயே போய்விடுங்கள். மண்டபத்தின் கீழ்த்தளத்துக்குச் சக்கர நாற்காலி போகும், மாடிக்குப் போகாது. மண்டபத்திலும் பக்கக் கட்டடங்களிலும் சீரமைப்புக்காகச் சில பகுதிகளை மூடுவது உண்டு. டன்லப் அச்சுப் பிரதியைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் கிளம்புமுன் பூங்காச் சேவையின் வலைத்தளத்தில் அது இருக்கும் பக்கக் கட்டடம் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

திருத்தம் வெளியிடும்போது மணியைப் பற்றிய வரியோடு நிறுத்திவிடாமல், நேரச் சீட்டு விவரத்தையும் இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். கோடை விடுமுறைக்குப் பலர் டிக்கெட் எடுத்து வைத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்,
எடிசன், நியூஜெர்சி